வெளித்தாழ்ப்பாள்

பதினோராம் பக்கத்தின் கடைசி வரியை ஜோசஃபின்தான் டைப் அடித்திருந்தாள். ஆனால் கேசட்டில் அதைக் கேட்ட நினைவில்லை.

‘அம்மா, புகையா வருது.’

டேப்பைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். நாச்சியம்மாளின் குரல் மட்டும்தான். “காப்பிப் பழம் பறிக்கப் போகையில மூணு புள்ளைகளையும் உள்ள விட்டு, வெளிய தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போனேன்யா...” பிறகு அழுகை.

கீழ்மலைக் காப்பித் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருந்த லயம் எரிந்ததைப் பற்றிய ஆராய்ச்சி அது. எண்பத்துமூன்று ஜூலையிலிருந்து நான்கு மாதமாக, அட்டுவம்பட்டியில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் பேட்டிகளைக் கேட்டு டைப் அடிப்பதுதான் அவள் வேலை. சோறு இறங்குவதில்லை. வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கை வருவதில்லை.

பேட்டி எடுத்த அலெக்சாண்டரிடம் சொன்னாள். “சார், ஒரு வாரத்துக்காச்சும் வேற யாரையாவது கேக்கச் சொல்லுங்க. என்னால முடியலைங்க.”

“அந்தப் பொம்பளைங்க முன்னாடி உக்காந்து கேட்டது நான். நீங்க டைப்தானம்மா அடிக்கிறீங்க?” அவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டார். “இன்னும் ரெண்டு கேசட்டுதான். முடிச்சிருங்க.”

வில்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே நின்ற பேரிக்காய் மரத்தை விழுங்கி, ஓட்டு இடுக்கு வழியாக ஈர யூகலிப்டஸ் வாசனையோடு அறைக்குள் கசிய, ஹெட்போனுக்குள் நாச்சியம்மாள் அழுவதும் டைப்ரைட்டர் தடதடப்பதும் கலந்து, எது எங்கிருந்து வருகிறதென்று பிரிக்க முடியாமல் போனது.

அழுகை நின்றது. கேசட் முடிந்திருந்தது.

தடதடப்பு நிற்கவில்லை. அவள் விரல்கள் மடியில் இருந்தன.

ஹெட்போனைக் கழற்றினாள். கதவைத் தட்டுகிறார்கள். கீழே, இடுப்புயரத்துக்கும் கீழே. உள்பக்கத்திலிருந்து.

அங்கே யாருமில்லை.

இப்போது யூகலிப்டஸ் வாசனை இல்லை. மண்ணெண்ணெய். கருகும் கம்பளி.

ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். வரவில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. யாரோ வெறுங்காலோடு படியிறங்கிப் போனார்கள்.

“யம்மா!”

கத்தியது அவள்தான். குரல் அவளுடையதல்ல. சின்னக் குரல்.

காலடி தேய்ந்தது. கதவிடுக்கில் நுழைந்தது பனியல்ல. சுட்டது.

புகைக்குள் ஒரு பிஞ்சுக் கை துழாவி வந்து அவள் விரல்களைப் பற்றியது. பயத்தில் அவளும் இறுகப் பிடித்தாள். தோல் மட்டும் அவள் கையோடு உரிந்து வந்தது. மறுபக்கம் இன்னொரு கை. முழங்காலைக் கட்டிக்கொண்டு மூன்றாவது.

மூன்று முகங்களும் அவளை அண்ணாந்து பார்த்தன. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் புகை கசிந்துகொண்டிருந்தது.