கேட்காத கேள்விக்கு ஒரு பதில்!

"ஐயோ... போயிட்டாரே!"

அலறல் பேரவைக் கட்டடத்தின் நூலகத்திலிருந்து வந்தது.

நேரம் காலை ஒன்பது இருபது.

வாசல் காவலில் இருந்த பெண் இன்ஸ்பெக்டர் உள்ளே ஓடினார். தொப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏட்டு.

கடைசி மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தார் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர். வலது கை தொங்கியது. வாயோரம் எச்சில். பக்கத்தில் காலியான காபிக் கோப்பை.

மூன்று பேர் அவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. மக்கள் பிரதிநிதி ஒருவர் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தால் அந்தக் கட்டடத்தில் அதைப் பணி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அலறியவர் அவருடைய கட்சியின் கொறடா. ஆட்களை நேரத்துக்குச் சபையில் கொண்டுவந்து உட்காரவைக்கிற வேலை. துண்டால் கண்ணைத் துடைத்தபடி நின்றார்.

"பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்! இன்னைக்கு முதல் கேள்வி இவரோடது! சுகாதார அமைச்சர் ஆள் வெச்சுத் தீர்த்துட்டார்!"

இன்ஸ்பெக்டர் குனிந்து கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தார்.

ஒரு வினாடி... இரண்டு... மூன்று...

"சார், அழுகையை நிறுத்துங்க. உசிரு இருக்கு!"

கொறடாவின் கண்ணீர் குழாயை மூடியதுபோல நின்றது. சந்தோஷத்தில் என்று வைத்துக்கொள்வோம்.

"அப்படியா... நல்லதாப் போச்சு..." என்றார். "பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லிட்டு வந்துடறேன்."

போய்விட்டார்.

"ஏட்டய்யா! வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குதே, அதை எடுக்கச் சொல்லுங்க!"

ஏட்டு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"மேடம்... வண்டி கிளம்பாது."

"பெட்ரோல் இல்லையா?"

"இன்ஜினே இல்ல மேடம்!"

"என்னய்யா உளர்றீங்க? போன மாசம் அமைச்சர் கொடியசைச்சப்போ நம்ம கண்ணு முன்னாலதானே ஓடிச்சு?"

"அன்னைக்குச் சரிவுல நிறுத்தியிருந்தாங்க மேடம்..."

இன்ஸ்பெக்டர் போலீஸ் ஜீப்பை வரச் சொன்னார்.

நான்கு பேர் தூக்கினார்கள். ஜீப் பக்கத்தில் போகும்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உறுப்பினரின் மனைவி. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. கணவர் கேள்வி கேட்பதைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவள்.

அழுதாள். ஆனால் அழுதுகொண்டே கணவரின் சட்டைப் பையில் கை விட்டாள்.

"இங்க ஒரு சீட்டு இருந்துச்சு மேடம். காணோம்!"

"என்ன சீட்டு?"

"மூணாவது துணைக்கேள்வி!"

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. சபையில் கேட்கிற முதல் கேள்வி எழுத்தில் முன்கூட்டியே துறைக்குப் போய்விடும். அமைச்சர் பதிலைத் தயாராக வைத்திருப்பார். துணைக்கேள்வி அப்படியில்லை. அது நின்ற இடத்தில் வாயால் கேட்பது. கேட்கிற நொடி வரை யாருக்கும் தெரியாது. அமைச்சர்களுக்கு வியர்ப்பது அப்போதுதான்.

இந்த உறுப்பினர் துணைக்கேள்வியில் மன்னன். எந்தப் பதிலிலும் ஒரு கொக்கியை மாட்டி இழுப்பார். அதனால் சபையில் அவர் பெயரே கொக்கி!

"கேள்வி என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நாப்பது ஆம்புலன்ஸ் வாங்கினதா கணக்கு. நாப்பதுலயும் இன்ஜின் கிடையாது. வாசல்ல நிக்கிற இந்த ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் ஒரு கிடங்குல தூங்குது. அந்தக் கிடங்கு யாரோடதுன்னு மூணாவதா கேக்கப் போறார். காலையில வீட்டுல எழுதினார். எங்கிட்ட மட்டும்தான் காட்டினார்."

"சரியாத்தானே எழுதியிருந்தார்?"

அந்த நேரத்திலும் அவளுக்குள் இருந்த ஆசிரியை தலைதூக்கினாள்.

"எங்க சரியா எழுதினார்? கிடங்கு அமைச்சரோட மச்சினனுக்குச் சொந்தம். அமைச்சர் சம்சாரத்துக்கு ஒரே ஒரு தம்பிதான். இவர் போய் 'மூத்த மைத்துனர்'னு எழுதி வெச்சிருக்கார். தப்புங்கன்னு சொன்னேன். போற வழியில திருத்திக்கறேன்னு கிளம்பிட்டார்."

ஜீப் உறுமியது. அவள் ஏறி, கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரும் ஏறப் போனார்.

"நீங்க வேணாம் மேடம். நீங்க சபைக்குப் போங்க. இன்னைக்குத்தான் கூட்டத்தொடரோட கடைசி நாள். கேள்வி இன்னைக்குச் செத்துச்சுன்னா அதுக்கு மறுபிறவி கிடையாது. இதுக்காக ஏழு மாசம் ஊர் ஊரா அலைஞ்சார். அவர் கண்ணு முழிச்சதும் என்னாச்சுன்னு கேப்பார். நான் என்ன பதில் சொல்லுவேன்?"

ஜீப் பறந்தது.

பத்து மணி!

மண்டபத்தின் வாசல் திரையோரம் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் நின்றார்கள்.

"கேள்வி எண் ஒன்று," என்றார் பேரவைத் தலைவர். "கேட்க வேண்டிய உறுப்பினர் இருக்கையில் இல்லை. ஆகவே..."

ஆகவே என்னவென்று அவர் சொல்லி முடிக்கவில்லை.

அதற்குள் சுகாதார அமைச்சர் எழுந்துவிட்டார்!

இந்த அமைச்சருக்குக் காதால் கேட்கும் பழக்கம் கிடையாது. கையில் கொடுத்த கோப்பைப் படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. முதல் பக்கத்தில் ஆரம்பித்தால் கடைசிப் பக்கத்தில்தான் மூச்சு விடுவார். போன கூட்டத்தில், 'இங்கே தண்ணீர் குடிக்கவும்' என்று ஓரத்தில் எழுதியிருந்ததையும் உரக்கப் படித்துவிட்டு, குடிக்காமலே தொடர்ந்தவர்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! நாற்பது ஆம்புலன்ஸ்கள் வாங்கப்பட்டனவா என்ற கேள்விக்குப் பதில், ஆம்!"

ஆளுங்கட்சியினர் மேசையைத் தட்டினார்கள்.

"அமைச்சர் உட்காரலாம்," என்றார் பேரவைத் தலைவர். "கேள்வி கேட்டவர் வரவில்லை."

அமைச்சர் பக்கத்தைத் திருப்பினார்.

"துணைக்கேள்வி ஒன்றுக்கான பதில். அவை எப்போது ஓடும்? விரைவில்!"

தட்டல்.

"துணைக்கேள்வி இரண்டுக்கான பதில். விரைவில் என்றால் எப்போது? உரிய நேரத்தில்!"

பலத்த தட்டல்.

"அமைச்சர் அவர்களே... உங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை!"

"துணைக்கேள்வி மூன்றுக்கான பதில்!" அமைச்சரின் குரல் ஓங்கியது. "எனக்கு மூத்த மைத்துனர் என்று எவருமே கிடையாது! ஆகவே மூத்த மைத்துனரின் கிடங்கில் ஆம்புலன்ஸ்கள் நிற்கின்றன என்பது வடிகட்டிய பொய்!"

தட்டப் போன கைகள் அந்தரத்தில் நின்றன.

கிடங்கா? மைத்துனரா? யார் கேட்டது இதை?

இன்ஸ்பெக்டர் சட்டென்று ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"ஏட்டய்யா... கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். முதல் ரெண்டும் எந்தத் துணைக்கேள்விக்கும் சொல்ற பதில். குத்துமதிப்பா எழுதியிருப்பாங்க. ஆனா மூணாவது..."

"கொக்கி பண்ணின தப்புக்கே பதில் வந்திருக்கு! அந்தச் சீட்டைப் படிக்காதவனால இப்படி எழுதவே முடியாது. பதில் எழுதினது யார்?"

"துறையோட துணைச் செயலாளர். அதோ, அதிகாரிகள் மாடத்துல, கண்ணாடி போட்ட ஒல்லி ஆளு."

முப்பதே வினாடியில் ஒல்லி ஆள் தாழ்வாரச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"காபியில என்ன கலந்தீங்க?"

"கா... காபியா? எனக்கு அல்சர் மேடம்! காபி வாசனையே ஆகாது!"

"கதை வேணாம். சீட்டு எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

துணைச் செயலாளர் கோப்பின் கடைசி உறையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். கொக்கியின் கையெழுத்து. மூத்த மைத்துனர், திருத்தப்படாமல் அப்படியே இருந்தார்.

"பின்பக்கம் பாருங்க மேடம்..."

இன்ஸ்பெக்டர் திருப்பினார். வேறொரு கையெழுத்து.

'இதுதான் அந்த மூன்றாவது கேள்வி. ஆள் இன்று சபைக்கு வரமாட்டார். பதில் எழுத வேண்டாம். அமைச்சரை நிம்மதியாக இருக்கச் சொல்லவும்.'

"யார் குடுத்தது?"

"எதிர்க்கட்சிக் கொறடா! ஒன்பதேகாலுக்கு அவரே என் அறைக்கு வந்து குடுத்தார்!"

"கொறடாவா!" ஏட்டுக்கு விழி விரிந்தது. "அவருக்கென்ன மேடம் அமைச்சர் மேல இவ்வளவு பாசம்?"

துணைச் செயலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"வண்டிக்குக் கூடு செஞ்சது அமைச்சரோட மச்சினன். இன்ஜின் சப்ளை பண்ற கான்ட்ராக்ட் கொறடாவோட மருமகனுக்கு. கூடாவது வந்துச்சு..."

ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒத்துப்போகாது என்று எந்த மடையன் சொன்னது?

"பதில் எழுத வேணாம்னு தெளிவா எழுதியிருக்கே. அப்புறம் ஏன்யா எழுதினீங்க?"

ஒல்லி ஆளின் கண் கலங்கிவிட்டது.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் மேடம். கேள்வின்னு ஒண்ணு மேசைக்கு வந்துட்டா என்னால பதில் எழுதாம இருக்க முடியாது. அதுலயும் இப்படி ஒரு தப்போட வந்தா... பொய்யே சொல்லாம தப்பிக்கலாமே! விட மனசு வரல!"

செல்போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"மேடம்!" கொக்கியின் மனைவி. அழுகிறாளா, சிரிக்கிறாளா? இரண்டும்தான்! "கண்ணு முழிச்சுட்டார்! காபியில தூக்க மாத்திரையாம். கால் மணி தாமதமாயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னார். முழிச்சதும் முதல் வார்த்தை, 'கேட்டாச்சா?'ன்னு!"

"அவர் கேக்கலம்மா. ஆனா பதில் வந்துடுச்சுன்னு சொல்லுங்க! காபி யார் குடுத்தாங்களாம்?"

"எங்க கட்சிக் கொறடா! கூடப்பிறந்த அண்ணன் மாதிரி நெனைச்சு வாங்கிக் குடிச்சாராம்!"

போனை வைத்தார் இன்ஸ்பெக்டர். மண்டபத்துக்குள் பாயத் திரும்பினார். ஏட்டு கையை நீட்டித் தடுத்தார்.

"மேடம், அவசரப்படாதீங்க! மண்டபத்துக்குள்ள உறுப்பினர் மேல கை வெக்கணும்னா பேரவைத் தலைவர் அனுமதி வேணும். மனு குடுத்து, அதுக்கு ஒரு குழு போட்டு, குழு கூடறதுக்குள்ள கொறடா கொள்ளுப்பேரனே எடுத்துடுவார்!"

"வெளிய வந்தா?"

"வெளிய வந்தா நம்மள மாதிரி சாதாரண மனுஷன்தான். ஆனா அவர் என்ன முட்டாளா, தானா வெளிய வர?"

உள்ளே திடீரென்று கூச்சல்.

"எங்கள் உறுப்பினரை விஷம் வைத்துச் சாய்த்த அமைச்சரே! பதவி விலகு!"

கொறடாவின் குரல்!

"இந்த அநியாயத்தைக் கண்டித்து எங்கள் கட்சி வெளிநடப்பு செய்கிறது!"

இன்ஸ்பெக்டரும் ஏட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசற்படியில் டிவி கேமராக்கள் காத்திருந்தன. கேமரா இருக்கும் இடத்துக்குப் போகாமல் இருக்க அந்த மனிதரால் முடியாது. அதுவும் ஒரு பழக்கம்தான்.

துண்டு பறக்க, முஷ்டி உயர்த்தி, படபடவென்று படி இறங்கினார் கொறடா. கடைசிப் படியைத் தாண்டினார். சட்டையைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பார்த்து வாயைத் திறந்தார்.

மணிக்கட்டில் 'க்ளிக்' என்று ஏதோ பூட்டியது!

குனிந்து பார்த்தார். விலங்கு! நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டரின் கையில் அந்தச் சீட்டு, பின்பக்கம் மேலே தெரிய!

"கூடவே திரிஞ்சவருக்குக் காபியில மாத்திரை போட்டு, பையில இருந்த சீட்டையும் உருவிட்டு, ஐயோன்னு ஒப்பாரி வேற வெச்சீங்களே... உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

கொறடா திரும்பிப் படிகளைப் பார்த்தார். பத்தே பத்துப் படிகள். அதற்கு மேலே பத்திரமான மண்டபம்.

"தெரியாம... வெளிய வந்துட்டேனே..." முனகினார்.

"அதனால என்ன சார்?" ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார் இன்ஸ்பெக்டர். "இப்ப நாங்க கூட்டிட்டுப் போற இடத்துல வெளிநடப்பு பண்றதுக்கு வசதியே கிடையாது!"