அரை அடி பின்னால்

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாளாவது அண்ணனைத் தனியா விடுங்க!"

நாத்தனார் அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. இன்னும் சற்று நேரத்தில் அண்ணன் மாகாண முதலமைச்சராகப் பதவி ஏற்கப்போகிறார். வாழ்த்துச் சொல்ல வந்த கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது.

"ஓரமா நிக்கறேன்மா... கொஞ்ச நேரம்..."

"ஓரமா நின்னு நின்னுதான் ஊரே உங்களை வால்னு சொல்லுது! பத்திரிகையில படமே போட்டுட்டான். புருஷன் மேல சந்தேகம்னு பேசறாங்க. இலாகாவை அந்தம்மாதான் நடத்துதுன்னு பேசறாங்க. எனக்கு வெளியில தலை காட்ட முடியல!"

அவள் அடுப்பைத் தணித்தாள். பள்ளிக்கூட வேலையை விட்டு இருபது வருஷமாகியும் கணவர் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களுக்கு அவள் வால்.

அவர் முதன்முதலாக மாகாண சபைக்கு நின்ற தேர்தலில் மேடை சரிந்து தலையில் அடிபட்டது. கட்டுப் பிரித்த அன்று கட்டிலருகே நின்றவளைப் பார்த்து, "சிஸ்டர், என் வீட்ல இருந்து யாரும் வரலையா?" என்று கேட்டார். அவள் வாய் திறந்த பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. பார்வையில் குறையில்லை, நினைவிலும் குறையில்லை, முகங்களை மட்டும் மூளை பிடித்துவைக்க மறுக்கிறது என்றார் டாக்டர். குரல் தெரியும். நடை தெரியும். முகம் தெரியாது.

"ஓட்டுப் போட்டவனையே யாருன்னு கேக்கறவனுக்கு அடுத்த தடவை எவன் ஓட்டுப் போடுவான்? யார்கிட்டயும் சொல்லிடாதே டீச்சர். பாப்பாகிட்டகூட."

மகள் பாப்பா அப்போது ஒன்றாம் வகுப்பு. வீட்டில் கேட்டதை வகுப்பில் ஒப்பிக்கும் வயது.

அன்றிலிருந்து அவள் அவருக்கு அரை அடி பின்னால் நின்றாள். யாராவது நெருங்கினால் உதடு அசையாமல் சொல்வாள்: மில் தொழிலாளி, மனைவிக்குக் கண் ஆபரேஷன். அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வீட்டம்மாவுக்குக் கண் இப்ப எப்படி இருக்கு?" என்பார். அந்த மனிதர் உருகிப்போவார். யாரையும் மறக்காத மனுஷன் என்ற பெயர்தான் அவரைச் சபைக்குள் கொண்டுபோனது, அமைச்சராக்கியது, இன்று இதுவரை கொண்டுவந்திருக்கிறது. பாப்பா பள்ளி நாடகத்தில் நடித்தபோதும், காய்ச்சலில் கிடந்தபோதும், டீச்சர் ஏதோ ஓர் ஊரில் அவர் காதருகே இருந்தாள்.

அந்தப் பாப்பா தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கோபத்தில் கத்தினார். அவள் வீட்டை விட்டுப் போனாள். சில மாதம் கழித்து மனசு கேட்காமல் திரும்பி வந்து, மனு கொடுக்க வந்தவர்களின் வரிசையில் நின்றிருக்கிறாள். நீண்ட பின்னலை வெட்டியிருந்தாள். அழுகையில் பேச்சு எழவில்லை. அவர் சிரித்த முகத்தோடு, "சொல்லும்மா, எந்த ஊரு?" என்று கேட்டார். டீச்சர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் என்னை யாருன்னு கேட்டாரும்மா..." என்று போனில் சொல்லி அழுதவள் அதன் பிறகு வரவேயில்லை. மகள் பிடிவாதக்காரி என்று அவர் நினைத்துக்கொண்டார். நடுவில் நின்றவள் இரண்டு பேரிடமும் வாய் திறக்கவில்லை.

நேற்று போனில் மகளிடம் கெஞ்சியிருந்தாள். "குழந்தையைத் தூக்கிட்டு ஒரே ஒரு தடவை வாடி... பின்பக்கமா வா. நானே அப்பாகிட்ட கூட்டிட்டுப் போறேன்." இன்றைக்கும் அவர் காதில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்ம பாப்பா.

கூடத்தில் ஒரு குழந்தை அழுதது.

"வழி விடும்மா."

"அண்ணி, சொன்னா கேளுங்க, கேமராக்காரங்க..."

"வழி விடுன்னு சொல்றேன்ல!"

அந்தக் குரலை நாத்தனார் இதுவரை கேட்டதில்லை. விலகினாள்.

பின்வாசலில் நுழைய பாப்பாவுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. முன்வாசலிலேயே வந்துவிட்டாள். புதிதாக வந்த செயலாளருக்கு அவளைத் தெரியாது. கைக்குழந்தைக்காரி, படத்துக்கு நன்றாக இருக்கும் என்று வரிசையில் முதல் ஆளாக நிறுத்தியிருந்தார்.

அவர் அறையிலிருந்து வந்தார். கை கூப்பினார்.

"வாங்கம்மா. குழந்தையோட நிக்க வெச்சுட்டாங்களா? சொல்லுங்க, எந்த ஊரு?"

டீச்சர் கூடத்துக்குள் கால் வைத்தபோது அந்தக் கேள்வி முடிந்துவிட்டிருந்தது.

"எந்த ஊரா...?" பாப்பாவின் குரல் உடைந்தது. "ரெண்டாவது தடவை கேக்கறீங்கப்பா! பெத்த பொண்ணை... ரெண்டாவது தடவை!"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "பாப்பா...? இதுக்கு முன்னாடியும் வந்தியா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கூடம் முழுக்க முகங்கள்.

"டீச்சர்! எங்க நிக்கறே? குரல் குடு!"

எல்லோரும் திகைத்தார்கள். அவள் அவருக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்கதாங்க இருக்கேன்..."

"இவ வந்தாளா? உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நான் படுத்திருந்த அன்னிக்கு வந்தா. சொன்னா நீங்க அன்னிக்கே பதவியைத் தூக்கிப் போட்டிருப்பீங்க. நீங்க கட்ட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அப்ப பாதிதான் எழும்பியிருந்தது..."

"என்னம்மா பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் பாப்பா.

"எனக்கு முகம் தெரியாதும்மா." அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூடம் அடங்கியிருந்தது. "மேடை விழுந்த நாள்ல இருந்து யார் முகமும் தெரியாது. உன் முகமும்தான்."

"ஐயா! கேமரா ஓடுது..." செயலாளர் பதறினார்.

"ஓடட்டும். இத்தனை வருஷம் இவங்களை எல்லாம் ஞாபகம் வெச்சிருந்தது நான் இல்லை. இவ. வால்னு சொன்னீங்களே, இவதான்."

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்னை... என்னை எப்படிண்ணே தெரியும் உனக்கு?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே உன் சத்தம் வந்துடுமே."

யாரோ சிரித்தார்கள். நாத்தனார் சிரித்தபடியே அழுதுவிட்டாள். "அண்ணி... என் வாயால என்னென்ன பேசினேன்..."

பாப்பா அம்மாவின் தோளில் விழுந்தாள். "சொல்லியிருக்கலாமேம்மா... என்கிட்ட ஒரு வார்த்தை!"

"சத்தியம் பண்ணியிருந்தேன்டி. நீ அழுதப்ப அதை உடைச்சிருக்கணும். உடைக்கலை... அது என் தப்புதான்."

அவர் பேரனின் முகத்தையே பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை.

"காதைப் பாருங்க," என்றாள் டீச்சர். "உங்க காதுதான்."

அவர் அந்தச் சின்னக் காதை விரலால் தொட்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

செயலாளர் போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். "கட்சித் தலைமையில இருந்து... பதவி ஏற்பைத் தள்ளி வெச்சுக்கலாமான்னு கேக்கறாங்கய்யா."

"தள்ளி வெக்கட்டும், பதவியை எடுத்தே விடட்டும். நான் கிளம்பிட்டேன்னு சொல்லு." அவர் மனைவியின் பக்கம் கை நீட்டினார். "வா டீச்சர்."

"நான் வரலைங்க." அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "தெரியலைன்னா கேளுங்க. சொல்லுவாங்க."

அவர் தயங்கித் தயங்கி வாசல்படியில் இறங்கினார். கூட்டம் அசையாமல் நின்றது. பிறகு ஒருவர் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தார்.

"நான் மில் தொழிலாளிங்க. என் வீட்டுக்காரிக்குத்தான் கண் ஆபரேஷன்..."

"நான் பஸ் டிரைவருங்க. அந்தப் பாலத்துக்காக வந்திருந்தேனே..."

ஒவ்வொரு குரலாக உள்ளே வந்தது. டீச்சரின் உதடுகள் பழக்கத்தில் ஒருமுறை அசைந்து நின்றன. பேரனை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்தின் முதல் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.