கடலுக்குக் கேட்காத இடம்

நாற்பது வருடத்துக்கு முன் தோணியோடு மூழ்கிப்போன கோயில் மணியை எடுத்து வருகிறேன் என்று லூர்து சொன்னபோது சந்தனக்குடாவில் ஒருவரும் நம்பவில்லை. சங்கு குளிக்கப் போன இடத்தில், தாழைத்தீவுக்குத் தெற்கே எட்டுப் பாகம், அதாவது ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில், அதன் விளிம்பைத் தடவிப் பார்த்ததாக அவன் சத்தியம் செய்தான். கடைசியில் வள்ளக்காரர் அருளப்பன் மட்டும் டீசலை நிரப்பிக்கொண்டு வந்தார். லூர்தின் தங்கை ஜெசிந்தா மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். லீவில் வந்தவள், வீட்டில் மாவாட்டுவதைவிடக் கடலே மேல் என்று மருந்துப் பையோடு ஏறிக்கொண்டாள். மணிக்குக் கட்டுப் போடப் போகிறாயா என்று அருளப்பன் கேலி செய்தார்.

முதல் நாளே மணி கிடைத்துவிட்டது! நாலு முறை மூழ்கி லூர்து கயிறு கட்டினான். மூவரும் சேர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். பாசி படர்ந்த வெண்கலம் வள்ளத்துக்குள் வந்து விழுந்தபோது அருளப்பன் அதைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார்.

ஆனால், அடியில் கிடந்த தோணியின் துருப்பிடித்த இரும்புப் பட்டை லூர்தின் கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. அதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. சந்தனக்குடாவில் சங்கு குளிப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: கடல் கேட்கும்படி வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. சொன்னவனை அடுத்த முறை கடல் திருப்பி அனுப்பாதாம். லூர்து காயத்தில் காப்பித்தூளை அப்பி, துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே கைலியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

அன்று மதியமே மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக எழும்பியது. வள்ளத்தைத் தாழைத்தீவில் ஏற்றிவிட்டு, கஞ்சியும் கருவாடுமாக இரண்டு நாள் காத்துக் கிடந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் லூர்துக்குக் குளிர்காய்ச்சல். ஜெசிந்தா கைலியை விலக்கினாள். அப்போதுதான் அந்தத் துண்டைப் பார்த்தாள்.

காப்பித்தூள் மேலே ஓடுபோல இறுகியிருந்தது. காய்ந்துதானே வருகிறது என்று அருளப்பன் சந்தோஷப்பட்டார். நாற்றம் வேறு கதை சொன்னது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து நெம்பியதும் சீழ் கொட்டியது. ஓரங்கள் கறுத்து, உள்ளே சதை சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. சுற்றிலும் சிவந்திருந்த தோலின் எல்லையில் ஜெசிந்தா பேனாவால் ஒரு கோடு போட்டாள். ஒரு மணி நேரத்தில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி, முழங்காலை நோக்கி ஒரு விரற்கடை ஏறிவிட்டது.

நாளைக் காலைக்கு முன் காற்று அடங்காது என்றார் அருளப்பன். செல்போனில் சிக்னல் இல்லை. பையில் இருந்த மாத்திரையைக் கொடுத்தாள். ஆனால் ரத்தம் ஓடாத செத்த சதைக்குள் எந்த மாத்திரை போய்ச் சேரும்? அழுகலை எடுக்காவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும், அல்லது அண்ணனே இருக்க மாட்டான். ஜெசிந்தா எத்தனையோ டாக்டர்களுக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளும் தானே வெட்டியதில்லை. அவளுக்கு நன்றாகவே பயமாக இருந்தது.

பிளேடும் கத்தரிக்கோலும் கொதித்தன. உப்புத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்தாள். மரத்துப்போக வைக்கும் ஊசி இல்லை.

"அண்ணே, செத்த சதை வலிக்காது. உசுருள்ளது வலிக்கும். வலிச்ச உடனே சொல்லு, நான் நிறுத்திருதேன்."

லூர்து தலையை ஆட்டினான். கறுத்த ஓரத்தை வெட்டினாள். வலிக்கல என்றான். சாம்பல் சதையைச் சுரண்டினாள். வலிக்கல. இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். அதற்கும் வலிக்கல. அப்போது பிளேடின் நுனியில் ரத்தம் துளிர்த்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகம் வேர்த்துக் கொட்ட, இரண்டு கைகளும் மணலுக்குள் மணிக்கட்டுவரை புதைந்திருந்தன.

ஜெசிந்தாவுக்கு வந்த கோபத்தில் பயமெல்லாம் பறந்துபோனது. "நீ பொய் சொன்னா நான் கண்ணைக் கட்டிக்கிட்டுல்லா வெட்டுதேன்? நரம்புல பட்டா என்ன செய்வ?"

லூர்து பத்தடி தள்ளிப் புரண்டுகொண்டிருந்த அலையைக் கண்ணால் காட்டினான். இவனை அடிப்பதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அது வெறும் தண்ணீர் என்று வாதாடிக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

அருளப்பன்தான் எழுந்தார். "கடல் கேக்காத இடத்துக்குத் தூக்கிட்டுப் போவோம் தங்கச்சி. தீவுக்கு நடுவுல ஒரு பள்ளம் கிடக்கு. அங்க அலைச்சத்தமே வராது. நமக்கு அது கேக்கலன்னா, அதுக்கு மட்டும் நம்ம சத்தம் எப்படிக் கேக்கும்?"

இருவரும் லூர்தைப் பாய்மரத் துணியில் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் நடந்தார்கள். தாழம்புதர் சூழ்ந்த பள்ளம் அது. லூர்து காதைத் தீட்டிக் கேட்டான். அலையின் ஓசை இல்லை. ஜெசிந்தா கையையும் பிளேடையும் மறுபடி கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் மெதுவாகத்தான் சொன்னான், "வலிக்குதும்மா" என்று. பிறகு மூன்று நாள் வலியையும் சேர்த்துக் கத்தினான். புதரிலிருந்த பறவைகள் எழுந்து பறந்தன. அவன் கத்திய இடமெல்லாம் அவள் நிறுத்தினாள். கத்தாத இடமெல்லாம் வெட்டினாள். அரை மணியில் காயம் முழுக்கச் சிவப்பாகப் பூத்து, பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்தது. அந்த ரத்தத்தைக் கண்டு ஜெசிந்தா சிரித்தாள். உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரத் துணியைத் தளர்வாக வைத்துத் திறந்தே விட்டாள். பேனாவால் புதிதாக ஒரு கோடு போட்டாள்.

விடிந்தபோது சிவப்பு அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நின்றிருந்தது. காற்றும் தணிந்திருந்தது.

சந்தனக்குடாவில் வெடி வெடித்து மணியை இறக்கினார்கள். லூர்தை ஜெசிந்தா அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கவிடாமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனாள். டாக்டர் மயக்கம் கொடுத்து, மிச்சம் மீதி இருந்ததையும் வெட்டியெடுத்தார். அழுகல் உள்ளேயே இருந்திருந்தால் முழங்காலோடு எடுத்திருப்பேன் என்றார். தையல் போடவில்லை, புண் அடியிலிருந்து ஊறி மேலே வர இரண்டு மாதம் ஆனது.

இப்போது அருளப்பன் வள்ளத்தில் ஒரு புதுச் சட்டம். சின்னக் கீறலானாலும் உடனே காட்ட வேண்டும். மூடி மறைப்பவனுக்கு மறுநாள் வள்ளத்தில் இடம் கிடையாது.

திருவிழாவுக்கு மணியைக் கட்டினார்கள். அதை முதலில் அடிக்க லூர்தைத்தான் கூப்பிட்டார்கள். அவன் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று, கயிற்றை இழுத்தான்.