கம்புக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளி

பிரான்சிஸ்கா அக்கா என் ஸ்டூடியோவுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. நுரைச்சோலைச் சந்தியில் வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் அவரும், முதல் நன்மை வாங்கிய அன்றைய வெள்ளை உடுப்போடு மகள் ஷானிகாவும். மற்றது கணவர் அல்பேட்டின் அடையாள அட்டைப் படம்.

"தம்பி, இவரையும் எங்களோட சேத்து ஒரு படமாச் செஞ்சு தாங்க. மூண்டு பேரும் ஒண்டா நிண்டு எடுத்த படம் ஒண்டும் இல்ல."

எனக்குப் பழகிய வேலைதான். சவூதியில் இருக்கும் தாயைப் பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் நிறுத்துவேன். யுத்தத்தில் காணாமல் போன மகனுக்கு மீசை வைத்து, வயதைக் கூட்டிக் கொடுத்ததும் உண்டு. அதனால் அல்பேட் எப்போது இறந்தார் என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டேன்.

இறந்துவிட்டார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை விடியற்காலை, களப்பில் நண்டு வலை எடுக்கப் போனவராம். கவிழ்ந்த தோணி மட்டும் களப்பு கடலோடு சேரும் பக்கத்தில் மிதந்ததாம். அதனால் எல்லோரும் கடலில் தேடுகிறார்கள். உடம்பு கிடைக்காமல் பூசைகூட வைக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிய நானும் களப்புக் கரையில்தான் நின்றேன்.

தண்ணீரில் நட்டிருந்த கம்பில் ஒரு செம்பருந்து இருந்தது. கச்சான் காற்று கமராவையே ஆட்டியது. பருந்து கலங்கல், வானம் சாம்பல், படம் படு மோசம். ஆனால் கிளைட்டன் பிடிவாதக்காரன் என்று ஊரே என்னைச் சொல்லும். குப்பையில் போடவேண்டிய அந்தப் படத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். வேறொரு படத்திலிருந்து மாலைச் சூரியனைக் கொண்டுவந்தேன். இறகுகளை ஒவ்வொன்றாகத் தீட்டினேன். கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு வைத்தேன். கம்புக்குப் பக்கத்தில் தண்ணீரில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. எங்கள் பக்கத்தில் நண்டு வலைக்கு மிதப்பாகக் கறுப்பு பிளாஸ்டிக் கேன் கட்டுவார்கள். அதுதான் என்று, பக்கத்துத் தண்ணீரை எடுத்து மேலே பூசி மறைத்தேன். ஒரு நிமிட வேலை. அந்தப் படம் இப்போது ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் தொங்குகிறது.

அக்காவிடம் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. சனிக்கிழமை வரச்சொல்லி அனுப்பினேன்.

அவர் போனதும் அல்பேட்டின் தலையை வெட்டியெடுத்து, ஒரு வெள்ளைச் சேட்டில் பொருத்தி, மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் நிறுத்தினேன். நன்றாகத்தான் வந்தது. சேமித்து மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன்.

நடுவில் யாரும் இல்லை.

மறுபடி சேர்த்தேன். மறுபடி இல்லை. கணினிக்குத்தான் ஏதோ கோளாறு என்று திட்டினேன். பட்டப்பகல். வெளியே பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போகிறது. மூடிய ஏசி அறைக்குள் களப்புச் சேற்றின் மணம் மெல்ல ஏறியது.

பருந்துப் படத்தைத் திறந்தேன். ஏன் அதைத் திறந்தேன் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கம்.

கறுப்புப் புள்ளி அங்கே இருந்தது.

அழித்தேன். திறந்தேன். கம்புக்கு இன்னும் கிட்ட வந்திருந்தது.

அழித்தேன். திறந்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். நனைந்த தலைமுடி. திறந்த வாய்.

சனிக்கிழமை அக்கா வந்ததும் சொல்லிவிட்டேன். முழுவதையும் அல்ல. அன்று பருந்தைப் படம் எடுத்ததையும், கம்பு நின்ற இடத்தையும், கேன் என்று நினைத்த புள்ளியையும் மட்டும் சொன்னேன். அவர் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த நேரம் உசிரோட இருந்தவரா?"

"தெரியாது அக்கா. ஒரு படம்தான் எடுத்தன்."

"ஒண்டுதானா?"

"ஓம்."

அன்று பின்னேரமே கம்படியில் இறங்கித் தேடினார்கள். வலைக் கயிற்றில் கால் சிக்கி அங்கேயேதான் இருந்தார். உடுப்பை வைத்து அடையாளம் கண்டு, திங்கட்கிழமை பூசை வைத்துப் புதைத்தார்கள். குடும்பப் படத்திலும் அல்பேட் இப்போது நான் நிறுத்திய இடத்திலேயே நின்றார். ஆட்கள் வரிசையாக வந்து எனக்குக் கைகொடுத்தார்கள். சாமியார் பிரசங்கத்தில் எனக்கு நன்றி சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று நினைத்திருப்பார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அக்கா திரும்பவும் வந்தார். கையில் என் ஸ்டூடியோ உறை ஒன்று, நனைந்து ஊறியிருந்தது. அல்பேட்டின் படத்துக்கு முன்னால் இருந்ததாம். யார் வைத்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம். உள்ளே இருந்த படங்களை மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

சாம்பல் வானம். கலங்கலான பருந்து. கம்பு. அன்று நான் எடுத்தது எட்டுப் படங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் கரையிலேயே அழித்திருந்தேன். எட்டும் மேசையில் கிடந்தன.

முதலாவதில் புள்ளி தூரத்தில். இரண்டாவதில் கொஞ்சம் கிட்ட. நாலாவதில் ஒரு கை மேலே. கட்டி வைத்த கேன் நகராது என்பது களப்புக் கரையில் பிறந்தவனுக்குத் தெரியாதா? கழுத்தளவு தண்ணீரில் நின்று வலை எடுக்கிற ஆள் என்றுதான் அன்று நினைத்தேன். கேன் என்பது பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதை. எட்டாவதில் கம்பைப் பிடித்த விரல்கள் மட்டும் இருந்தன.

உறைக்குள் இன்னொன்று இருந்தது. அதை அக்கா கடைசியாக எடுத்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அந்தப் படம் மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது.

தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்த படம்.

அதில் கரை தெரிந்தது. கரையில் நான். ஒரு கையில் கமரா. மறு கையை வீசி, படத்தில் விழாமல் தள்ளிப் போ என்று காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"இத எடுத்தது ஆர் தம்பி?" என்றார் பிரான்சிஸ்கா அக்கா.