பகலில் தூங்குகிறவர்

சாவியை எத்தனை தரம் திருப்பியும் கதவு திறக்கவில்லை. தரகர் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளிய பிறகுதான் வேண்டாவெறுப்பாகத் திறந்துகொண்டது.

"பூட்டியே கிடந்தா எந்தக் கதவும் இப்படித்தான். கொஞ்சம் எண்ணெய் விட்டா வழிக்கு வந்துடும்" என்று பின்னால் நின்ற புதுமணத் தம்பதியிடம் பல்லைக் காட்டினார்.

வீட்டுக்காரி உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். புருஷன் செத்த பிறகு மகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். அண்ணி நல்லவள்தான். ஆனால் நல்லவர்கள் வீட்டிலும் விருந்தாளியாக எத்தனை நாளைக்கு இருக்க முடியும்? இந்த வீட்டை விற்றால்தான் தாய்க்கும் மகளுக்கும் தனியாக ஒரு அடுப்பு.

தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது. கூடத்தில் நல்ல வெளிச்சம், சமையலறையில் கையெட்டும் உயரத்தில் அலமாரி. படுக்கையறை வாசலில் மட்டும் அந்தப் பெண் தயங்கி நின்றாள். ஜன்னலை அடைத்துத் தடித்த கறுப்புத் துணி. பட்டப்பகலிலும் உள்ளே கட்டில் இருப்பது மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஏன்க்கா இவ்ளோ இருட்டா வச்சிருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரர் ராத்திரி பஸ் ஓட்டினவர்மா. பகல்லதான் தூங்குவார்."

சொல்லி வாய் மூடவில்லை. தலைக்கு மேல் தடாலென்று ஒரு சத்தம். கூரை அதிர்ந்தது. பிறகு கனமான இரும்பு ஒன்று ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருண்டு போனது.

"மேல் வீட்ல ஏதோ கை தவறி விழுந்துடுச்சு போல" என்றார் தரகர்.

மறுபடியும் விழுந்தது. உடனே இன்னொன்று.

மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தான். "அவங்களுக்கு எத்தனை கை சார்?"

யோசித்துச் சொல்கிறோம் என்று படி இறங்கினார்கள். அப்படிச் சொல்லிப் போனவர்கள் யோசித்ததாகச் சரித்திரம் இல்லை.

மேல் வீட்டுக்காரனை அந்தக் குடியிருப்பில் பயில்வான் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கதவில் பித்தளையில் மின்னுகிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. ஒண்டிக்கட்டை. ஆட்களை வீட்டுக்கே வரவழைத்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறான். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை இரும்பைத் தூக்குவதும் போடுவதும்தான். தூக்குவது அவர்கள் பாடு. போடுவது கீழ் வீட்டுக்காரர் தலையில்.

கீழ் வீட்டுக்காரர் இரவெல்லாம் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிவிட்டு விடிந்த பிறகு வருவார். குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டு, நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பார். கண் அசரும் நேரம் பார்த்து மேலே முதல் இரும்பு விழும். சண்டை போடத் தெரியாத மனுஷன். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறுவார். கதவை இரண்டு தட்டு, அதற்கு வலிக்காமல் தட்டுவார். "கொஞ்சம் மெதுவா சார்" என்பார். அவருக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்.

"பகல்ல தூங்குற ஆளுக்காக ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்துவான் பயில்வான். வருஷக்கணக்கில் இதுதான் நடந்தது.

ஒரு விடியற்காலை, ஊர் வந்து சேரும் தறுவாயில், வளைவில் பஸ் திரும்பவில்லை. நேராகப் போய் மரத்தில் மோதியது. பயணிகள் சிராய்ப்போடு தப்பினார்கள். மரம் டிரைவர் பக்கம் இருந்தது. ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று விசாரித்தவர்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களும் அவர் எப்படித் தூங்கினார் என்றுதான் கேட்டார்கள். அத்தனை வருஷம் அவர் ஏன் தூங்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் அவள் நெஞ்சில் தணலாகவே கிடந்தது.

இப்போது இந்த வீடும் பயில்வானுக்கு வேண்டுமாம். மேலே முழுக்கப் பயிற்சி, கீழே குடித்தனம் என்பது அவன் திட்டம். வீட்டை எனக்கே கொடுத்துவிடும்படி தங்கச்சியிடம் சொல்லுங்கள் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினான்.

"அவரைக் கொன்னவனுக்கு அவர் படுத்த ரூமைக் குடுக்கவா? பூட்டியே கிடந்து பாழாப் போகட்டும்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து யார் வீடு பார்க்க வந்தாலும் மேலே இரும்பு விழுந்துவிடும்.

பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்பார்கள். ராத்திரி வேலைக்குப் போனவர் ராத்திரியில் எப்படி வீட்டில் இருப்பார்?

சில நாள் கழித்து, வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வீட்டைப் பெருக்கித் துடைக்கத் தனியாக வந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. தெருவில் ஈ காக்கை இல்லை. கதவு இந்த முறை தொட்டதும் திறந்தது. கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் படுக்கையறைக் கதவு சாத்தியிருப்பதைக் கவனித்தாள். திறந்து வைத்துவிட்டுப் போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காற்றில் சாத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் கிடந்தன.

கதவை மெல்லத் தள்ளினாள்.

தைல வாசனை.

பழைய வாசனை அல்ல. இப்போதுதான் மூடியைத் திறந்து நெற்றியில் தேய்த்த வாசனை. அதற்கு அடியில் லேசாக டீசல் நெடி. இருட்டுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரமாயிற்று. கட்டிலில் விரிப்புகூட இல்லை, வெறும் மெத்தை. அதன் ஒரு பக்கம் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

தூக்கத்தின் வாசலில் இருக்கிறவர் விடும் மூச்சு. சீராக ஏறி, சீராக இறங்கியது.

அவள் கையிலிருந்து துடைப்பம் நழுவியது. தரையில் விழுந்து சத்தம் போடாமல் காலை நீட்டித் தாங்கிக்கொண்டாள். பழக்கம். இந்த வீட்டில் பகல் நேரத்தில் ஒரு கரண்டியைக்கூட அவள் கீழே போட்டதில்லை. முதுகு வியர்த்தது. ஆனாலும் அந்த மூச்சு கலைந்துவிடக் கூடாதே என்ற பதைப்புதான் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மேலே இரும்பு விழுந்தது.

மூச்சு நின்றது.

கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு பெருமூச்சு அவள் முகத்துக்கு நேரே வந்து போனது. ரப்பர் செருப்பு தரையில் தேய்ந்தது. அவளைத் தாண்டியது. கூடத்தைத் தாண்டியது. வாசல் தாழ்ப்பாள் தானாக விலகியது. செருப்புச் சத்தம் மாடிப்படி ஏறிற்று.

இரண்டு தட்டு. வலிக்காமல்.

மேலே கதவு திறப்பது கேட்டது. அதன் பிறகு எதுவுமே கேட்கவில்லை.

சற்றுப் பொறுத்துப் பயில்வான் இறங்கி வந்தான். எப்போதும் தோளை விரித்துக்கொண்டு வருபவன், இன்று படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வந்தான்.

"யாரை அனுப்புற தங்கச்சி?"

"யாரையும் அனுப்பலையே."

"தினமும் கதவைத் தட்டுறாங்க. திறந்தா ஆள் இல்ல." குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்குக் காதுகிட்ட வந்து பேசுது."

"என்ன பேசுது?"

அவளுக்குப் பின்னால் தெரிந்த இருட்டறையை ஒரு கணம் பார்த்தான். "உன் வேலையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். இதுக்கெல்லாம் பயப்படுற ஆள் நான் இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான். போன வேகத்தில், வீம்புக்கென்றே, இருப்பதில் பெரியதைத் தூக்கிப் போட்டான்.

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். உயிரோடு இருந்தபோதுதான் தூங்கவில்லை. செத்த பிறகுமா அந்த மனுஷன் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும்?

அடுத்து வீடு பார்க்க வந்தவள் ஒரு நர்ஸ். கண்ணுக்குக் கீழே கருவளையம். படுக்கையறையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இந்தத் துணியையும் விட்டுட்டுப் போவீங்களாக்கா? எனக்கு எப்பவும் நைட் டூட்டி. இப்படி ஒரு ரூமுக்குத்தான் நாயா அலையுறேன்."

பயில்வான் எங்கோ வெளியே போயிருந்தான். மேலே அதிசயமாக அமைதி. முடித்துவிடுங்கள் என்று தரகர் கண்ணைக் காட்டினார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனி அடுப்பும், மகள் மேஜை போட்டுப் படிக்க ஒரு மூலையும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் காத்திருந்தன.

"வேண்டாம்மா" என்றாள். "மேல் வீட்ல பகல் பூரா இரும்பைப் போட்டு இடிப்பாங்க. நீ தூங்க முடியாது. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவ, அங்கேயே நோயாளியாப் போய்ப் படுத்துடுவ. வேற இடம் பாரு."

நர்ஸ் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "இப்படி உண்மையைப் பேசினா வீடு எப்படிக்கா விற்கும்?"

அவள் கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. பார்த்துக்கொண்டிருந்த தரகருக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

"மேல் வீட்டுக்காரருக்கே குடுத்துடலாம்" என்றாள்.

பத்திரம் முடிந்த அன்று பயில்வானுக்கு வாயெல்லாம் பல். தட்டுவதும் பேசுவதும் இவள் செய்யும் சேட்டை, வீடு கைக்கு வந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்பது அவன் எண்ணம். "இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாம்ல தங்கச்சி."

"இப்பதான் மனசு வந்துச்சு அண்ணே. கட்டிலும் துணியும் இருக்கட்டும். நீங்க இந்த ரூம்லயே படுத்துக்கோங்க. நல்ல இருட்டு."

சாவியைக் கொடுக்கும் முன், ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூச்சு கேட்டது. கட்டிலருகே குனிந்தாள்.

"அந்த ஆள் இனிமே இங்கதான் படுப்பார்" என்றாள் ரகசியமாக. "நீங்க மாடி ஏற வேண்டாம்."

மூச்சு ஒரு கணம் நின்றது.

பிறகு மெத்தை மெல்ல அசைந்தது. படுத்திருந்தவர் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டார்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மருந்துக்கடை வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவனை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தோள் இறங்கிப்போய், கொடியில் காயப்போட்டது மாதிரி உடம்பில் சட்டை தொங்கியது.

"தூக்க மாத்திரை ஏதாவது குடு தங்கச்சி."

"டாக்டர் சீட்டு வேணும் அண்ணே."

"அதெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு." பயில்வான் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இரும்பையெல்லாம் வித்துட்டேன். வெறுங்காலோடதான் நடக்கிறேன். கண்ணு சொக்குற நேரம் பார்த்துப் பக்கத்துல மெத்தை அமுங்குது. நான் ஒண்ணுமே பண்ணலைம்மா, மூச்சு மட்டும்தான் விடுறேன். அதுக்கும் கொஞ்சம் மெதுவாங்கிறார்."

"வேற எங்கேயாவது போய்ப் படுக்கிறதுதானே?"

"லாட்ஜுக்குப் போனேன். எங்க அக்கா வீட்டுக்குப் போனேன். எங்க போனாலும் வந்து தட்டுறார்."

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஒளிப்பானேன், தாலி இறங்கிய நாளுக்குப் பிறகு அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. அவன் இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்றுகூட இருந்தது.

"அப்ப தூக்கமே இல்லையா?"

"ஒரே ஒரு இடத்துல விடுறார்." அவன் திரும்பி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான். "கார்ல. ஸ்டியரிங்ல கை வச்சதும் கண்ணு தானா மூடிக்குது. அப்ப மட்டும் அவர் எழுப்புறதே இல்ல."

குளிர்ந்த வயிறு சில்லிட்டுப்போனது. தெருவில் குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சாவியை எடுத்துக்கொண்டு பயில்வான் தள்ளாடிப் படி இறங்கினான். ஆட்டோவில் போங்கள் என்று அவள் உடனே சொல்லவில்லை. சொன்ன நேரம் அவன் வண்டிக்குள் ஏறிவிட்டான்.

அவள் மழையில் ஓடினாள். கண்ணாடி வழியாக அவன் தலை ஒரு பக்கம் சாய்வது தெரிந்தது.

தைல வாசனை அடித்தது.

"போதுங்க" என்றாள், பயில்வானைப் பார்க்காமல். "இறங்கி வந்துடுங்க."

யாரும் இறங்கவில்லை.

வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. குடைக்காரர்களுக்கு ஒதுங்கி வழி விட்டது. தெருமுனையில் விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, ஊருக்கு வெளியே, அந்த வளைவுப் பக்கம் போகும் சாலையில் நிதானமாகத் திரும்பியது. பயில்வானின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.