மூன்றுக்கு மேல் போகாது

சுலக்சன் செத்து இருநூற்றுப் பத்து நாட்களும் ஐந்து மணித்தியாலமும் ஆகியிருந்தபோது, சிநேகிதன் ஜெனோசன் செத்தவனின் வீட்டு பேஸ்மென்ற் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தான். பாதிப் படியில் அந்த மணம் வந்தது. துவக்கு துடைக்கும் எண்ணெயின் மணம் அவனுக்குப் பழக்கமானது, பழுத்த வாழைப்பழத்தில் இரும்பைத் தேய்த்தது போல இருக்கும். அதற்குள் இன்னொன்று கலந்திருந்தது. சந்தனம்.

வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் நின்று போயிருந்தது. மேலே குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் சுவருக்குள் இறங்கி, கீழே எங்கேயோ ஒரு குழாயில் மெல்ல விக்கி ஓய்ந்தது. வெள்ளை விளக்கின் கீழே மடிப்பு மேசையில் பழைய படுக்கைச் சீலை விரித்து, அதன்மேல் துவக்கை நீளமாக வைத்துக்கொண்டு சுலக்சனின் அப்பா ஜெயரட்ணம் உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி. இரு."

சனிக்கிழமை வந்து துவக்கை ஒருக்கால் செற் பண்ணித் தரவேண்டும் என்று வியாழக்கிழமை போனில் கேட்டிருந்தார். அறுபத்து மூன்று வயதில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, மாதக்கணக்காகக் காத்திருந்து லைசென்ஸ் எடுத்திருந்தார். அதைக் காட்டி, பொலிஸ் வைத்திருந்த மகனின் துவக்கைத் திரும்ப எடுத்திருந்தார். ஏன் என்று ஜெனோசன் கேட்கவில்லை.

"ஊரில ஷெல் எண்டால் மேலால வரும், நாங்கள் பங்கருக்கை ஓடுவம்," என்று ஜெயரட்ணம் சிரித்தார். "இஞ்சை துவக்குத் தோட்டாவுக்கும் ஷெல் எண்டுதான் பேர், நாங்களே பெட்டி பெட்டியாய் வாங்கி உள்ளுக்குப் போடுறம். என்ன?"

"ஓம் அங்கிள்."

"கழட்டு பாப்பம். எனக்குக் கை நடுங்குது."

கை நடுங்கவில்லை. சீலையின்மேல் அசையாமல் கிடந்தது.

பொலிஸ் அறிக்கையில் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வாத்துச் சுடப் போகிறவன் துவக்கில் மூன்று தோட்டாவுக்கு மேல் போடக்கூடாது. அதற்காகத் தோட்டா போகும் குழாய்க்குள் ஒரு கட்டை இருக்கும். சுலக்சனின் துவக்கில் கட்டை இருக்கவில்லை. அவன் மூன்று வெடி சுட்டான். வெறும் துவக்கு என்று நினைத்து அதை ஊன்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து ஏறினான். தோளில் கிடந்த பையின் கயிறு விசையில் மாட்டியது. உள்ளே நாலாவது இருந்தது. தானே கட்டையைக் கழற்றிவிட்டு மறந்திருக்கிறான் என்று எழுதி அறிக்கையை முடித்தார்கள். கோயிலிலும் கடையிலும் அதைச் சுருக்கிச் சொன்னார்கள்: தன்ர வினை.

கூட இருந்தவன் ஜெனோசன் மட்டும்தான். அவன்ர துவக்கை நான் ஒருநாளும் கழட்டேல்லை என்று பொலிஸிடம் சொல்லியிருந்தான்.

அது பொய். இருநூற்றுப் பத்து நாட்களாக அந்தப் பொய்க்குள்தான் இருந்தான்.

குழாயின் மூடியைத் திருகினான். சுடுகுழலை இழுத்து எடுத்தான். குழாயின் வாயில் இருந்த சின்ன வளையத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பினான். மேசைக்கு நேர் மேலே சீலிங்கில் மூன்று சிறிய பள்ளங்கள் இருப்பதை அப்போதுதான் கண்டான். அவை புதியவை. ஓரங்களில் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. என்னவென்று யோசித்துக்கொண்டே வளையத்தை விடுவித்து, குழாயின் வாயைக் கட்டைவிரலால் பொத்தினான். உள்ளிருந்து ஸ்பிரிங் வந்து விரலில் முட்டியது.

ஜெயரட்ணம் அந்த விரலையே பார்த்தார்.

"எனக்கு ஸ்பிரிங் மூண்டு தரம் பறந்தது," என்றார். "அந்தா, மேலை அடிச்சுக் கிடக்கு. உனக்குப் பறக்கேல்லை."

விரலை எடுக்க ஜெனோசனுக்குப் பயமாக இருந்தது. பிறகு மெல்ல விட்டான். ஸ்பிரிங் நீண்டு வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து, விரல் தடிப்பில் ஒரு கட்டை வழுக்கி அவனுடைய உள்ளங்கையில் விழுந்தது. மஞ்சள் கலந்த மரம். கத்தியால் சீவி, அரத்தாளால் உரஞ்சி வழவழப்பாக்கியது.

"செத்தவீட்டில பெட்டிக்குள்ள வைக்க வாங்கின சந்தனம். ஒரு துண்டு மிஞ்சினது. அளவு சரியே?"

"சரி அங்கிள்."

"திருப்பிப் போடு."

போட்டான். விரல்கள் தாமாகவே செய்தன. மெதுவாகச் செய்ய நினைத்தான், முடியவில்லை.

"இனி மூண்டுக்கு மேல போகாது?"

"போகாது."

படியின் உச்சியில் சுலக்சனின் அம்மா இராஜேஸ்வரி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "சாப்பாடு கட்டியாச்சு. வெளிக்கிடுவமே?"

"எங்கை அன்ரி?"

"நீங்கள் அண்டைக்கு வாத்துச் சுடப் போன மாக்கஸின்ர வயலுக்கு," என்றார் ஜெயரட்ணம். "சுட்டுப் பாக்காமல் சரியெண்டு எப்பிடித் தெரியும்?"

வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஜெனோசன் மேலே போய்க் கை கழுவினான். எண்ணெய் போனது, சந்தனம் போகவில்லை. நாலு நிமிடம் கழுவியிருப்பான். வெளியே வந்தபோது துவக்கைப் பெட்டியில் பூட்டி, காரின் டிக்கிக்குள் வைத்திருந்தார்கள்.

ஜெயரட்ணம் விட்பி ஊர்வழியாகக் காரை ஓட்டினார். ஒரே கூரை, ஒரே கராஜ், ஒரே நிறத்தில் புது வீடுகள் வரிசையாக வந்து, சட்டென்று முடிந்து, அறுத்த சோளத்தின் அடிக்கட்டைகள் நின்ற வயல்கள் தொடங்கின. அவன் முன் சீட்டில் இருந்தான். இராஜேஸ்வரி அவனுக்கு நேர் பின்னால். அவளுடைய மடியிலிருந்து ஏதோ உரசும் சத்தம், நூலை விரலில் சுற்றுவது போல, விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. சீட் பெல்ற்றைச் சரிசெய்வது போலத் திரும்பிப் பார்த்தான். மடியில் பச்சைக் கயிறு. சுலக்சனின் பையின் கயிறு. பக்கத்தில் புட்டுப் பார்சல்கள்.

இரண்டு.

மூன்று பேர். மறுபடி எண்ணினான். இரண்டுதான்.

"அன்ரி, நீங்கள் சாப்பிடேல்லையோ?"

"நான் சாப்பிடுவன்," என்றாள்.

வயலில் ஒருவரும் இல்லை. மாக்கஸிடம் போனில் அனுமதி கேட்டிருப்பதாக ஜெயரட்ணம் சொன்னார். சுலக்சன் ஏறிய அதே பள்ளம். பனி உருகிய தண்ணீர் அடியில் கறுப்பாக நின்றது. பழைய மரப்பலகை ஒன்றில் கடதாசி ஒட்டி முப்பது அடி தள்ளி வைத்துவிட்டு வந்து, ஜெனோசனின் தலையில் காதுமூடியை மாட்டினார். உலகம் பஞ்சுக்குள் போனது. தன் மூச்சு மட்டும் கேட்டது. காதுமூடியின் ஒரு பக்கத்தை விலக்கி, வாயைக் கிட்டக் கொண்டுவந்து சொன்னார்:

"அண்டைக்கு நீ அவன்ர வலப்பக்கம் நிண்டனி. அறிக்கையில கிடக்கு. இண்டைக்கு இடப்பக்கம் நில்."

வலப்பக்கம் நின்றால்தான் தெரியும். வெற்றுத் தோட்டா வெளியே பாயும் வாசல் வலப்பக்கத்தில் இருக்கிறது. இழுத்துத் தள்ளும்போது உள்ளே புதிதாக ஒன்று போகிறதா என்று அதற்குள்ளால் காணலாம். இடப்பக்கம் நின்றால் இரும்பு மட்டும்தான்.

அவர் குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போட்டார். எத்தனை என்று அவன் காணவில்லை.

முதல் வெடி நெஞ்சுக்குள் வெடித்தது. கடதாசி கிழிந்தது. முன்பிடியை இழுத்துத் தள்ளினார். இரண்டு. இழுத்துத் தள்ளினார். மூன்று. வேலிக்கு அப்பால் காகங்கள் எழும்பின. மறுபடி இழுத்தார். சிவப்பு வெற்றுத் தோட்டா அந்தப் பக்கம் விழுந்தது.

தள்ளினார்.

அந்தக் கடைசித் தள்ளலின் சத்தம் கேட்கவேண்டியிருந்தது. வெறும் இரும்பு ஒரு மாதிரிக் கேட்கும். தோட்டா ஏறினால் இன்னொரு மாதிரி. காதுக்குள் பஞ்சு.

ஜெயரட்ணம் அவனுடைய காதுமூடியைக் கழற்றினார். "இனி எனக்குக் காட்டு. அவன் எப்பிடி ஏறினவன்?"

"அங்கிள்..."

"ஆறேழு மாசமாய் யோசிக்கிறன். எனக்கு விளங்குதில்லை. ஒருக்கால் இறங்கிக் காட்டு மோனை."

இறங்கினான். தண்ணீர் சப்பாத்துக்குள் போனது. ஐஸ். மேலிருந்து அவர் துவக்கை நீட்டினார், பிடி கீழே, குழல் மேலே. விசையில் பச்சைக் கயிறு கொளுவியிருந்தது. மறுமுனை மேட்டில் நின்ற இராஜேஸ்வரியின் கையில்.

"இப்பிடித்தானே கொளுவினது?"

"ஓம்."

"ஊன்று."

ஊன்றினான். குழலின் வாய் அவனுடைய நாடிக்குக் கீழே சூடாக நின்றது. கருகிய மணம். கட்டைவிரல், கேளாமலே, பூட்டை விடுவிக்கும் பொத்தானைத் தேடிக் கீழே போனது. அதை அமத்தி முன்பிடியை இழுத்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

"பாக்காதை," என்றார் ஜெயரட்ணம். "அவன் பாக்கேல்லை. மூண்டும் போட்டாச்சு. மூண்டுக்கு மேல போகாது எண்டு நீதானே சொன்னனி."

விரல் நின்றது.

"கையைத் தா."

வலக்கையைப் பிடித்தார். முழங்கைக்குக் கீழே, இரண்டு கையாலும். அந்தப் பிடியில் நடுக்கம் இல்லை. இடக்கை குழலில். குழலைத் தள்ளினால் விசை கயிற்றில் இழுபடும். காலை எடுத்தால் சேறு.

காற்று திரும்பியது.

சந்தனம்.

துவக்கிலிருந்து இல்லை. மேலிருந்து. அவனைப் பிடித்துக் குனிந்திருந்தவரின் சேட்டின் நெஞ்சுப் பொக்கற்றில் ஒரு விரல் நீளத்துக்கு ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"அங்கிள். கட்டை..."

"ஏறு."

"அதைக் கழட்டிப்போட்டியள். அங்கிள், உள்ளுக்கு இருக்கு."

"எப்பிடித் தெரியும்?"

தண்ணீர். மூச்சு. காகங்கள் இல்லை.

"கட்டையைக் கழட்டினது நீ எண்டு அங்கிளுக்குத் தெரியும்," என்றாள் இராஜேஸ்வரி. சமையலறையில் கேட்கும் அதே குரல். "நீ ஸ்பிரிங்கை விரலால பொத்தினதைக் கண்டவர், முன்னம் கழட்டினவனுக்குத்தான் அது தெரியும். நாலாவதைப் போட்டதும் நீதான் எண்டு எனக்கும் தெரியும். உதை நான் கேக்கேல்லை. நீ வலப்பக்கம் நிண்டனி. நான் அதைத்தான் கேக்கிறன்."

கயிற்றை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பகிடிக்குத்தான் போட்டனான் அன்ரி. அவன் மூண்டு எண்டு எண்ணிப்போட்டு, பிறகு சும்மா விசையை அமத்தேக்கை வெடிச்சால்... பயந்து துள்ளுவான் எண்டு..."

இன்னொரு சுற்று.

"நான் கேட்டது உது இல்லை."

கயிறு புல்லை விட்டு எழுந்தது. ஈரம் சொட்டியது. நேரானது.

"கண்டனான்," என்றான் ஜெனோசன். குழல் நாடியில் முட்டியது. "கடைசியாய் இழுத்துத் தள்ளேக்கை சிவப்பாய் ஒண்டு உள்ளுக்குப் போறதைக் கண்டனான். அவன் அதை நெஞ்சில சாத்திக்கொண்டு ஏறினவன். கயிறு கொளுவுறதையும் கண்டனான் அன்ரி. சொல்ல நேரம் இருந்தது. சிரிச்சுக்கொண்டு நிண்டனான்."