அடங்காத ஸ்வரம்

ஏழு மணிக்கு அவள் பியானோவில் பழைய சொனாட்டா இசையை வாசித்து முடித்து, கட்டைகளிலிருந்து விரல்களையும் பெடலிலிருந்து காலையும் எடுத்தாள். கீழ்ஸ்தாயி அடிக்கட்டை ஒன்றின் ஒலி மட்டும் ஒரு மூச்சு நேரம் கூடுதலாக நின்றது. பிறகு கைதட்டலில் மூழ்கிப்போனது.

இடைவேளையில், சுருதி சேர்க்கும் டியூனர் பியானோவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எல்லாக் கம்பியும் கப்சிப்னு கிடக்கும்மா. பழசு முடிஞ்சு அடுத்தது புதுசுன்னதும் இதுக்கும் உதறுது போல."

அவள் சிரித்தாள். முன்வரிசையிலிருந்து மகள் மேடையோரம் வந்து நின்றாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு. கடைசிச் சத்தம் அடங்கினதும் நேரா வீடுதான்."

"யாராவது ஒன்ஸ் மோர் கேட்டா?"

"காது கேக்கலைன்னு சொல்லிடறேன்."

அடுத்து வாசிக்கவேண்டிய புதிய இசை போன வருடம் எழுதப்பட்டது. அதன் முடிவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அடிக்கட்டையை ஒருமுறை அழுத்திவிட்டு, ஒலி தானாகத் தேய்ந்து மறையும்வரை, அதை நீளவிடும் பெடலிலிருந்து காலை எடுக்கக் கூடாது. அவள் எடுக்கும்வரை யாரும் அசையமாட்டார்கள், கைதட்டமாட்டார்கள். அது அரங்கத்து மரியாதை.

அழுத்தினாள். ஒலி எழுந்து, மேடை விளக்குகளில் காயும் தூசியின் வாசனையோடு கலந்து, மழையில் நனைந்து வந்தவர்களின் ஈரத் தோள்களுக்கு மேலாக மெல்லப் பரவி, இருட்டிலிருந்த பின்சுவரைத் தொட்டுத் தேயத் தொடங்கியது. தலைகுனிந்து காத்திருந்தாள். ஒத்திகையில் இந்த இடத்தில் சீக்கிரமே அமைதி வந்துவிடும். இப்போது தேய்ந்துகொண்டிருந்த ஒலி, எதையோ நினைத்துக்கொண்டதுபோல நின்றது.

பிறகு ஏறியது.

கணுக்கால் வலித்தது. யாரும் இருமவில்லை. ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. காலை எடுத்தால் வாசித்ததெல்லாம் பாழ். எடுக்காவிட்டால் இது முடியாது. ஒலி அவள் பற்களுக்குள் அதிர்ந்தது.

காலை எடுத்தாள்.

பெடல் மேலே வந்தது. ஒலியை அடக்கும் கம்பளிப் பட்டைகள் கம்பிகள்மீது மெத்தென்று இறங்கின. எழுந்து, உள்ளே கைவிட்டுக் கம்பிகளைத் தொட்டாள். குளிர்ந்திருந்தன. அசைவில்லை.

ஒலி நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். எல்லா முகங்களும் அவளை நோக்கி. எல்லா உதடுகளும் மூடி. எல்லாத் தொண்டைகளிலும் அதே ஒலியின் துடிப்பு. திரையோரத்தில் டியூனர். அவரும்.

இறங்கி ஓடினாள். முன்வரிசை. மகளின் முன்னால் மண்டியிட்டாள். அந்தக் கண்களுக்கு அம்மாவைத் தெரிந்தது. நீர் வழிந்தது. உதடுகள் பிரியவில்லை. சின்னக் கழுத்தில் கையை வைத்தாள். பியானோவின் மரம்போல அதிர்ந்தது.

"கண்ணு, அம்மா முடிச்சிட்டேன். வீட்டுக்குப் போலாம்டா, வாயைத் திற."